கடிகாரத்தைச் சகலை பார்ப்பதற்குள்

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை பொறாமையில் பிறந்தது. என் நண்பர் ஒருவர் போன மாதம் ஒரு காரை வைத்துக் கதை எழுதினார். மோசமாக இருந்திருந்தால் மனதாரப் பாராட்டியிருப்பேன். நன்றாக இருந்து தொலைத்தது. போன் போட்டு, "பிரமாதம் போங்க" என்று சொல்லிவிட்டு, வைத்த கையோடு நானும் ஒரு காரைத் தேட ஆரம்பித்தேன்.

அதிக தூரம் போகவேண்டியிருக்கவில்லை. பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பழைய கார் நிற்கிறது. அதன் டாஷ்போர்டில் ஒரு டிஜிட்டல் கடிகாரம். எண்களின் இடதுபக்கக் கோடுகள் செத்துவிட்டன. எட்டானாலும் மூன்று, ஒன்பதானாலும் மூன்று, நிஜமான மூன்றும் மூன்றுதான். எனக்கு இது போதும். மற்றதெல்லாம் சொந்தச் சரக்கு.

2

முதல் வரியே பாடாய்ப் படுத்தியது.

காலம் பாதியாய்த் தேய்ந்துபோன ஒரு காருக்குள் அவர்கள் இருவரும்—

வேண்டாம். கடிகாரம் கெட்டால் உடனே காலம், வாழ்க்கை என்று கிளம்பிவிடுவது எங்கள் ஆட்களுக்கு ஒரு வியாதி.

அவள் கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். அவள் புருஷன் பல்செட் செய்பவன்.

இது பரவாயில்லை. பிடித்துக்கொண்டு போகலாம்.

கார் அவளுடையது. நாள் முழுக்க அதில்தான் இருப்பாள். அவன் ஒரு பல் லேபில் கண்ணுக்கு லென்ஸ் மாட்டிக்கொண்டு, மெழுகில் பல் செதுக்குவான். அவள் பிறந்த வீட்டில் இரண்டு மாப்பிள்ளைகள். அக்கா புருஷர் லிஃப்ட் ரிப்பேர் செய்பவர். அதனால் அவர் 'லிஃப்ட் மாப்பிள்ளை', இவன் 'பல்லு மாப்பிள்ளை'. ஒருவர் ஊரையே மேலே தூக்கிவிடுகிற மாதிரியும், இன்னொருவன் எப்போதும் இளித்துக்கொண்டே நிற்கிற மாதிரியும் இருக்கிறதா இல்லையா? அவனுக்கும் அப்படித்தான் இருந்தது.

(இவனை 'அவன்' என்றும் சகலையை 'அவர்' என்றும் எழுதுகிறேன், கவனித்தீர்களா? மரியாதை தானாக அந்தப் பக்கம் போய் உட்கார்ந்துகொள்கிறது. அவன் பிரச்சினையே அதுதான்.)

3

மாமியார் வீட்டில் எல்லாரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது அவள் கேட்டாள்.

"அத்தான், என் கார்ல கடிகாரம் மக்கர் பண்ணுது. கொஞ்சம் பாக்கறீங்களா?"

"அதுக்கென்ன, ஞாயித்துக்கிழமை வரேன். வெளிய எடுத்துப் பாத்தா தெரிஞ்சிடும்."

"லிஃப்ட் மாப்பிள்ளை தொட்டா சரியாகாததே கிடையாது" என்றார் மாமியார்.

"ஆமாம்மா. அத்தான் கைராசி அப்படி."

அவன் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தான். கைராசி! ஊரில் உள்ள பொக்கை வாய்க்கெல்லாம் பல் கட்டி அனுப்புகிற கைக்கு அவள் ஒருநாளும் அந்தச் சொல்லைச் சொன்னதில்லை. திரும்பி வரும்போது வாயை வைத்துக்கொண்டு சும்மா இருக்க முடியவில்லை.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொன்னேனே. 'பாக்கலாம்'னீங்க."

"பாக்கலாம்னா பாக்கறேன்னுதானே அர்த்தம்?"

"உங்க பாக்கலாமுக்குக் காத்திருந்தா காரே இருக்காதுங்க."

அவள் சிரித்தாள். அவனுக்கு வயிறு எரிந்தது. கடிகாரம் எக்கேடு கெட்டால் அவனுக்கென்ன? 'உங்க கைராசி' என்று அவள் தன்னைப் பார்த்து ஒரு தடவை சொல்ல வேண்டும். அதுவும் ஞாயிற்றுக்கிழமைக்குள் சொல்ல வேண்டும். அவ்வளவுதான் அவனுக்கு வேண்டியது.

4

இந்த இடத்தில் சகலையைக் கெட்டவராக்கிவிட்டால் எனக்கு வேலை மிச்சம்.

சகலை அவளைப் பார்த்த பார்வையில் ஏதோ ஒன்று—

சீ.

சகலை தன் பெருமையைத் தானே பேசிக்கொள்பவர். ஒருமுறை லிஃப்டில் மாட்டிக்கொண்ட—

அதுவும் ஒட்டவில்லை. எப்படி எழுதினாலும் மனுஷர் நல்லவராகவே வந்து நிற்கிறார். என் மனைவி படித்துவிட்டு, "இந்தச் சகலை தங்கமான ஆளா இருக்காரே, உங்க ஹீரோதான் சிடுமூஞ்சி" என்றாள். நான் உண்டாக்கிய ஆள் மேலேயே எனக்குக் காதில் புகை வந்தது. பேனாவை மூடிவைத்துவிட்டுப் படுக்கப் போய்விட்டேன்.

5

சனிக்கிழமை அவள் கடைக்குப் போயிருந்த நேரம் பார்த்து அவன் காருக்குள் உட்கார்ந்தான். மெழுகு செதுக்கும் கத்தியால் டாஷ்போர்டின் ஓரத்தைக் கீறல் விழாமல் நெம்பி, கடிகாரத்தை வெளியே எடுத்துப் பிரித்தான். கண்ணாடித் திரைக்கும் உள்ளே இருந்த சர்க்யூட்டுக்கும் நடுவில் ஒரு சின்ன ரப்பர் பட்டை. அதன் வழியாகத்தான் திரைக்கு மின்சாரம் போகும். அதில் வருஷக்கணக்கான அழுக்கு. பஞ்சில் ஸ்பிரிட் தொட்டுத் துடைத்தான். திரும்ப மாட்டி, வயரைச் செருகி, சாவியைத் திருப்பினான்.

எல்லாக் கோடும் வந்துவிட்டது! எட்டு எட்டாகவே நின்றது.

இங்கேயே எழுந்து போயிருந்தால் அவன் பிழைத்தான். ஆனால் பல்செட்காரன் கண் சும்மா இருக்குமா? திரையின் மேல் ஒரு மெல்லிய ஏடு. வெயிலில் பழுத்து, அங்கங்கே கொப்புளித்திருந்தது. அவன் தொழிலில் கறை என்று ஒன்றைக் கண்டால் எடுத்தே தீர வேண்டும். கத்தி முனையை ஓரத்தில் கொடுத்து ஒரே இழுப்பாக உரித்தான். ஆஹா, என்ன சுகம்! பிறகு பாலிஷ் துணியால் ஒரு தேய்ப்பு.

நிமிர்ந்து பார்த்தால் திரையில் பச்சை வெளிச்சம் மட்டும் இருந்தது. எண் ஒன்றுகூட இல்லை.*

* அது அழுக்கு ஏடு இல்லை, வெளிச்சத்தை வடிகட்டும் ஃபிலிம். அது இல்லாவிட்டால் எண்கள் அங்கேதான் இருக்கும், வெறும் கண்ணுக்குத் தெரியாது. அவனுக்கு இது தெரியாது. எனக்கே போன வாரம்தான் தெரியும்.

முகம் தொங்கிப்போய் எல்லாவற்றையும் பழையபடி மாட்டினான். கேட்டால் ஒன்றும் தெரியாது என்று சொல்லிவிடுவதாகத் தீர்மானம்.

6

ஞாயிற்றுக்கிழமை காலை. சகலை வந்தால் வசதியாக இருக்கட்டும் என்று காரை வெளியே எடுக்க அவள் ஏறினாள். அவனும் பக்கத்தில் உட்கார்ந்தான். வெயில் முகத்தில் அடித்ததும் கூலிங் கிளாஸை மாட்டிக்கொண்டாள்.

"ஏங்க! இங்க பாருங்க. முழுசா தெரியுது!"

அவன் பார்த்தான். பச்சை வெளிச்சம்தான். கிண்டல் செய்கிறாளோ?

"நீங்களா பண்ணீங்க?"

"ம்."

"அத்தான் வரதுக்குள்ள முடிச்சிட்டீங்களே! அடேயப்பா, உங்க கைராசி இத்தனை நாளா எனக்குத் தெரியாமப் போச்சே."

சொல்லிவிட்டாள். சொல்லியேவிட்டாள். அவன் கண்ணுக்குத் தெரியாத ஒன்றைப் பார்த்து.

(சில கூலிங் கிளாஸில் அந்த ஃபிலிமின் சரக்கே இருக்கும். உரித்த ஏட்டின் வேலையை அவள் மூக்கில் இருந்தது செய்தது. இந்தக் கண்ணாடியை நான் மூன்றாம் பகுதியிலேயே ஒரு ஓரமாக வைத்திருக்க வேண்டும். மறந்துவிட்டேன். என் நண்பராக இருந்தால் வைத்திருப்பார். திட்டிக்கொள்ளுங்கள். போகட்டும், இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அதை அவளுக்கு வாங்கிக்கொடுத்தது அக்காவும் அத்தானும். கடையில் தேர்ந்தெடுத்தது அத்தான்.)

சகலை வந்து ஜன்னல் வழியாகக் குனிந்தார்.

"ஒண்ணுமே தெரியலையேம்மா."

"என்ன அத்தான், பளிச்சுனு தெரியுதே!"

சகலை கடிகாரத்தைப் பார்த்தார். அவள் கண்ணாடியைப் பார்த்தார். கடைசியாக இவனைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. அவர் பார்த்த பார்வையில் இவனுக்கும் விளங்கிவிட்டது.

"எனக்குத்தான் வெயில்ல கண்ணு கூசுது. அருமையா இருக்கு. சகலை வேலைன்னா சும்மாவா?"

அப்புறம் இவன் பக்கமாகச் சுற்றி வந்து, அவள் காதில் விழாதபடி, "ஒரு ஃபிலிம் ஒட்டணும் சகலை. நாளைக்கு லேபுக்குக் கொண்டாந்து தரேன், நீங்களே ஒட்டிடுங்க" என்றார்.

வாய்விட்டுச் சிரித்திருந்தால்கூட இவன் தாங்கியிருப்பான். எப்போதாவது ஒருநாள் சொல்லிக்காட்டிக்கொள்ளட்டும் என்று விட்டிருப்பான். இந்தப் பெருந்தன்மையை எங்கே கொண்டுபோய் வைப்பது? பெண்டாட்டி வாயிலிருந்து வந்த அந்த ஒரு சொல்லும் இப்போது அவர் போட்ட பிச்சையாக அல்லவா ஆகிவிட்டது!

7

வாயை மூடிக்கொண்டு ஃபிலிமை ஒட்டினால் அந்தச் சொல் அவனிடமே இருக்கும். வருகிற எல்லா விருந்திலும் சகலை எதிரே உட்கார்ந்து சாப்பிடுவார், ஒன்றும் சொல்லமாட்டார். அதுதான் பயங்கரம். இல்லையென்றால், "அந்தக் கண்ணாடியைக் கழட்டிட்டுப் பாரு" என்று இவனே சொல்லிவிடலாம். சொல் போய்விடும், சகலைக்குக் கடன்படவும் வேண்டாம்.

முதலாவதுதான் சரி என்கிறாள் என் மனைவி. "பாவம், அவளாவது சந்தோஷமா இருக்கட்டும்." எனக்கு இரண்டாவது பிடித்திருக்கிறது. ஏன் பிடித்திருக்கிறது என்று யோசித்துப் பார்த்தேன். இவன் தலை நிமிரவேண்டும் என்பதற்காக இல்லை. சகலையின் நல்ல குணம் வீணாகப் போகவேண்டும், அதற்காகத்தான்.

அதனால் இதை நான் முடிக்கக் கூடாது. மூன்று பேரையும் அப்படியே வெயிலில் விட்டுவிட்டு எழுந்துகொள்கிறேன். அவள் இன்னும் சிரித்துக்கொண்டிருக்கிறாள். அவன் வாயைத் திறந்துவிட்டான். உங்களுக்கு யார்மேலும் பொறாமை இல்லையென்றால், நீங்கள் வந்து முடித்துக்கொடுங்கள்.