அம்மி என்றால் கேட் திறக்கும்

பச்சை இரும்பு கேட்டை இரண்டு கைகளாலும் தட்டினாள் கோமதி.

டிராம் பாதியில் நின்றுவிட்டது. இறங்கி, லாரிகளுக்கும் கைவண்டிகளுக்கும் நடுவே ஓடி வந்திருந்தாள். ஆயா பில்கிஸ் துடைப்பத்தோடு வந்து திறந்தாள். உள்ளே குட்டி நாற்காலிகள் மேஜைகளின்மேல் கவிழ்ந்து கிடந்தன. ஒரு குழந்தைகூட இல்லை.

"மஹிமா எங்கே?"

"போயாச்சே தீதி. ஒருத்தர் வந்து கூட்டிட்டுப் போனார்."

"யாரு?"

"வயசானவர். வெள்ளை முடி."

"யாருன்னே தெரியாம எப்படிக் கொடுத்தே?"

"கோட் வார்த்தையைச் சொன்னாரே!"

பில்கிஸ் பேசியது உருது. கோமதி பேசியது ஆபீஸ் ஹிந்தி. இருவருக்கும் புரிந்தது.

அது எல்லோரும் ஆபா, அதாவது அக்கா, என்று கூப்பிடும் நஃபீஸாவின் நர்சரி. கிடர்பூரில் ஊரடங்கு போட்டிருந்த நாட்களுக்குப் பிறகு ஆபா ஒரு விதி வைத்தாள். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு ரகசியச் சொல். அம்மா அப்பாவைத் தவிர வேறு யார் வந்தாலும் அதைச் சொன்னால்தான் குழந்தை வெளியே போகும். உங்கள் பாஷையிலேயே ஒரு சொல் கொடுங்கள், வேறு யாருக்கும் தெரியாது என்று கேட்டபோது, கோமதி யோசிக்காமல் சொன்னாள்: "அம்மி."

ஆபா சிரித்தாள். ஏன் சிரித்தாள் என்று கோமதி கேட்கவில்லை.

அந்தச் சொல் தெரிந்த தமிழர்கள் இரண்டே பேர். ஒருத்தி இங்கே நிற்கிறாள். இன்னொருவன் அவள் கணவன் ஜம்புநாதன், துறைமுக டாக்கில் வேலையில் இருக்கிறான். பக்கத்து டெலிபோன் பூத்துக்குள் பாய்ந்தாள் கோமதி. பில்கிஸும் துடைப்பத்தைப் போட்டுவிட்டுப் பின்னாலேயே வந்தாள்.

ஜம்புநாதன் லைனுக்கு வருவதற்குள் மூன்று பேர் "ஹலோ" சொன்னார்கள்.

"யார்கிட்டயாவது அம்மின்னு சொன்னீங்களா?"

"என்ன அம்மி?"

"நர்சரி கேட்டுல சொல்ற அம்மி! மஹிமாவை யாரோ கூட்டிட்டுப் போயிட்டாங்க. வெள்ளை முடியாம்."

மறுமுனையில் கிரேன் ஒன்று கிறீச்சிட்டது.

"அண்ணனா இருக்குமோ?"

"அதைத்தான் உங்களைக் கேக்கறேன்."

"சத்தியமா நான் சொல்லல கோமு. நர்சரி எங்கே இருக்குன்னே அண்ணனுக்குத் தெரியாது. நீ வீட்டுக்குப் போ, நான் வந்துடறேன்."

அண்ணன் என்றால் மகாதேவன். சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் நூறு பேரை அதட்டுகிறவர். போன ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில்தான் சாப்பாடு. அவருடைய மகள் ஜெயப்ரியா மூன்று வயது வருணோடு கல்கத்தாவுக்கு மாற்றலாகி வரப் போகிற பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. அப்பளத்தைக் கையில் எடுத்த மஹிமா, கண்ணை மூடிக்கொண்டு தெளிவாகச் சொன்னாள்:

"பிஸ்மில்லா."

இலையில் ரசம் விட்டுக்கொண்டிருந்த பெரியம்மாவின் கரண்டி நின்றது.

"அது பெங்காலி" என்றாள் கோமதி அவசரமாக.

"முப்பது வருஷமா இந்த ஊர்ல இருக்கேன். எனக்கே பெங்காலி சொல்லித் தர்றியா?" என்றார் மகாதேவன். வேறு எதுவும் கேட்கவில்லை. அதுதான் பயமாக இருந்தது. தூரத்து உறவில் ஒரு பையன் கெட்டுப்போகிறான் என்று அவனை வீட்டோடு கொண்டுவந்து வைத்து வளர்த்தவர் அவர். தம்பி மகளைத் தூக்கிக்கொண்டு போக அவருக்கு யாருடைய அனுமதியும் தேவையில்லை. அவர் எதிரில் ஜம்புநாதன் வாயைத் திறந்ததும் இல்லை.

பூத்தை விட்டு வெளியே வந்தவளின் முந்தானையை இழுத்தாள் பில்கிஸ்.

"தீதி, உங்க பாஷையிலயும் அம்மின்னா அம்மாதானே?"

"இல்ல. மசாலா அரைக்கிற கல்லு."

பில்கிஸ் வாயைப் பிளந்தாள். "அல்லா! அப்போ என் நாலு பசங்களும் நாள் பூரா என்னை மசாலாக் கல்லுன்னா கூப்பிடறாங்க?"

கோமதிக்கு இப்போதுதான் உறைத்தது. அம்மி. இந்தத் தெருவில் காலையிலிருந்து இரவுவரை ஆயிரம் வாய் சொல்கிற சொல். குழந்தையை அம்மியிடம் கூட்டிப்போகிறேன் என்று எவன் வந்து சொன்னாலும் கேட் திறந்திருக்கும்.

இதுவரை சந்தேகம் ஒருவர்மேல் இருந்தது. இப்போது கிடர்பூர் முழுவதும்.

ஓடினாள்.

போர்ட் குவார்ட்டர்ஸின் இரண்டாவது மாடி. பூட்டிய கதவுக்கு முன்னால் ஒரு சாக்கு மூட்டை. காலில் இடித்தது. குனிந்து தொட்டாள். கல். சாக்கைப் பிரித்தாள். உள்ளே கறுப்பாக, சுத்தமாகக் கழுவிய ஓர் அம்மி. மேலே துணி சுற்றிய குழவி.

கரண்ட் போகிற நேரத்தில் மிக்ஸி எதற்கு உதவும்? உங்கள் வீட்டில் சும்மா கிடக்கிற அம்மியைக் கொடுங்கள் என்று எப்போதோ அவள்தான் மகாதேவன் வீட்டில் கேட்டிருந்தாள்.

எதிர்வீட்டுக் கதவு திறந்தே இருந்தது. அந்த வீட்டுப் பெங்காலி அம்மாள் பௌதியின் பிரம்பு நாற்காலியில் மகாதேவன். அவர் மடியில் மஹிமா. வாய் நிறைய சந்தேஷ் இனிப்பு.

கோமதி குழந்தையைப் பிடுங்காத குறையாக வாங்கினாள். தன் வீட்டைத் திறந்து, விளக்கைப் போட்டு, அவருக்கு டீ வைத்தாள்.

"எப்படி மாமா அங்கே..."

"குழந்தைதான் அன்னிக்கே எல்லாம் சொல்லிட்டாளே. பச்சை கேட், நஃபீஸா ஆபா. அம்மியைக் கொண்டுவந்தேன். இங்கே பூட்டியிருந்துச்சு. சரி, குழந்தையைப் பார்த்துட்டு வருவோம்னு கூலி ஆள் தலைல மூட்டையோட அங்கே போனேன். மஹிமாவைப் பார்க்கணும்னேன். ஆயா, மூட்டைல என்னன்னு கேட்டா. அம்மின்னேன். சலாம் போட்டுக் குழந்தையைக் கையில கொடுத்துட்டா! எனக்கே ஒண்ணும் புரியல."

கோமதி சிரிக்கவில்லை. அம்மி சாக்கில் வந்ததல்ல, அம்மியே ஒரு சாக்கு என்று அவளுக்குத் தோன்றியது.

மகாதேவன் டீயை ஆற்றினார். விசாரணை ஆரம்பித்தது.

"எத்தனை மணி வரைக்கும் வெச்சுக்கறாங்க?"

"அஞ்சு."

"நிஜமா அஞ்சா? இல்ல, நாலுக்கே துரத்திடுவாங்களா?"

"நான் லேட்டானா ஆறு வரைக்கும்கூட இருந்திருக்கா."

"சனிக்கிழமை?"

"அரை நாள்."

"ம். பேங்க்கும் அரை நாள்தான்" என்று டீயிடம் சொன்னார். "சாப்பாடு?"

"நம்ம டப்பாதான் மாமா. அங்கே ஒரு பிஸ்கட்கூடக் கேக்காமத் தர மாட்டாங்க."

"ஒண்ணுக்குப் போயிட்டா யாரு துணி மாத்தறது?"

"பில்கிஸ். ஆனா மஹிமாதான் சொல்லிடுவாளே?"

"பொதுவாக் கேட்டேன். முகம் சுளிக்காம மாத்துவாளா?"

கோமதிக்குப் பொறுக்கவில்லை. டம்ளரைத் தட்டென்று வைத்தாள்.

"மாமா, சுத்தி வளைக்காதீங்க. கான்வென்ட்டுல பன்னண்டு மணிக்கே வெளியே விட்டுடறாங்க. லேக் மார்க்கெட் பக்கம் நம்ம ஆளுங்க நடத்தற நர்சரில வேலைக்குப் போற பொம்பளை பிள்ளைக்கு இடம் இல்லன்னு முகத்துக்கு நேரா சொன்னாங்க. இவங்க ஒருத்தங்கதான் எதுவும் கேக்காம எடுத்துக்கிட்டாங்க. பிஸ்மில்லாவும் சொல்லட்டும், வீட்டுல முருகான்னும் சொல்லட்டும். பிள்ளையைச் சாந்த்ராகாச்சிக்கு அனுப்ப மாட்டேன்."

"நான் எப்போ கேட்டேன்?"

"கேக்கத்தானே வந்தீங்க?"

"என் வீட்டுக்காரியால உட்கார்ந்தா எழுந்திரிக்க முடியல. மூட்டு. அவ எந்தப் பிள்ளை பின்னால ஓடுவா?"

அவர் குரலில் அதட்டல் இல்லை. கோமதி அதைக் கவனித்தாள். ஆனால் நம்பவில்லை. மஹிமாவை இன்னும் இறுக்கிக்கொண்டாள்.

படியில் காலடிச் சத்தம். ஜம்புநாதன் என்று நினைத்துத் திரும்பினாள். துப்பட்டா நழுவ, மூச்சு வாங்க, நஃபீஸா ஆபா வாசலில் நின்றாள். பில்கிஸ் போய்ச் சொல்லியிருக்க வேண்டும்.

"மஹிமா?"

"இருக்கா ஆபா. இங்கேதான் இருக்கா."

ஆபா கதவு நிலையில் சாய்ந்து மூச்சை விட்டாள். அப்புறம்தான் நாற்காலியைப் பார்த்தாள். கண்கள் விரிந்தன.

"அரே, சாப்! நீங்களா? நேத்து ஒரு மணி நேரம் உட்கார்ந்து அவ்வளவு விசாரிச்சீங்க. மஹிமா உங்க வீட்டுப் பிள்ளைன்னு ஒரு வார்த்தை சொல்லலையே?"

மகாதேவன் டீ டம்ளருக்குள் எதையோ தேடினார்.

"நேத்தா?" என்றாள் கோமதி.

ஆபாவுக்கு எதுவும் விளங்கவில்லை. விளங்க வேண்டிய அவசியமும் இருந்ததாகத் தெரியவில்லை.

"சரி, பார்த்ததே நல்லதாப் போச்சு. உங்க பேரன் வருணுக்கு அடுத்த மாசத்திலேர்ந்து இடம் வெச்சிருக்கேன். உங்க மக பேங்க் விட்டு வர வரைக்கும் இருக்கட்டும். கோட் மட்டும் யோசிச்சுச் சொல்றேன்னீங்களே, என்ன வைக்கலாம்?"

கோமதி மகாதேவனைப் பார்த்தாள். மகாதேவன் வாசலில் கிடந்த சாக்கு மூட்டையைப் பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆட்டுக்கல்" என்றார்.