டொறீன் போட்ட யூரியா

நாவுலயில் டொறீனுக்கு ஆள் பஞ்சம். புருஷன் ஒஸ்வல்ட் கல்லறைக்குப் போய் நாலு வருஷம், மகன் கட்டாரில். வாய்விட்டுப் பேச, மாதிரி எடுக்கும் செவ்வாய்க்கிழமைகளில்தான் ஓர் ஆள் வரும்: மாத்தளையிலிருந்து ஆராய்ச்சிக்கு வரும் லக்ஷிகா. டொறீனின் தோட்டத்துப் போஞ்சிச் செடிகளின் வேரில் கடுகளவு முண்டுகள் இருக்கின்றன. அதற்குள் குடியிருக்கும் பக்டீரியா காற்றிலிருந்து செடிக்கு உரம் பிடித்துக் கொடுக்கிறதாம். அதன் மரபணுவை எழுத்தெழுத்தாக வாசிக்க வேண்டுமாம். மூன்று தடவை வேறு கிருமி கலந்து மாதிரி பழுதாகி, லக்ஷிகா மறுபடி வரவேண்டியதாயிற்று. மூன்று தடவையும் டொறீன் அந்தோனியாருக்கு நன்றி சொல்லி மெழுகுதிரி கொளுத்தினாள். பாவம்தான், என்ன செய்வது!

நாலாவது தடவை லக்ஷிகா சிரித்துக்கொண்டே வந்தாள்.

"இந்த முறை சுத்தமா வந்திருக்கு அன்ட்டி. மூணு வாரம் கழிச்சு ஒரு மாதிரி எடுத்தா எல்லாம் முடிஞ்சுது."

யூரியா போட்டால் முண்டு செத்துவிடும், போடவே கூடாது என்று லக்ஷிகா படித்துப் படித்துச் சொல்லியிருந்தாள். மறுநாளே டொறீன் கடைக்குப் போய் யூரியா வாங்கிவந்து பாத்தி முழுக்க அள்ளிப் போட்டாள்.

மூன்று வாரம் கழித்து லக்ஷிகா வந்தாள். செடிகள் கரும்பச்சையாகக் கொழுத்து நின்றன. ஒன்றைப் பிடுங்கி, ஒரு முண்டைப் பிளேடால் பிளந்தாள். உயிருள்ள முண்டு உள்ளே சிவந்திருக்கும். இது வெளிறிக் கிடந்தது.

"யூரியா போட்டீங்களா அன்ட்டி?"

டொறீனுக்குப் பொய் சொல்ல வாய் வரவில்லை.

"போட்டேன் மகள். வேலை முடிஞ்சா நீங்க வரமாட்டீங்களே. இந்த வீட்டுல நான் சுவரோட பேசிக்கிட்டு இருக்கேன்." வெட்கத்தில் அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

ஏசப்போகிறாள் என்று பார்த்தால், லக்ஷிகா மண்ணிலேயே குந்திவிட்டாள்.

"அந்த மரபணுவை வாசிச்சு முடிச்சுப் பத்து நாளாச்சு அன்ட்டி. கடைசி மாதிரி தேவையில்லன்னு சொல்லிட்டாங்க."

"ஐயோ, அப்ப எதுக்கு இந்த வெயில்ல பஸ் ஏறி வந்தீங்க?"

"மாத்தளையில எனக்கு ஒரு ரூம் இருக்கு. அதுல ஒரு கட்டிலும் நானும்தான்."

பிறகு லக்ஷிகா அந்தச் செத்த முண்டைச் சிறு போத்தலில் போட்டு மூடினாள். வழக்கம்போல மேலே ஒரு சீட்டு ஒட்டி, பேனையால் எழுதி நீட்டினாள்.

"டொறீன் தோட்டம். மாதிரி பழுது. அடுத்த செவ்வாய் மறுபடி எடுக்க வேண்டும்."

டொறீன் மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, அதை எழுத்தெழுத்தாக வாசித்தாள்.