எலுமிச்சை அடங்கும் வரை

2022 ஏப்ரல் 11 அன்று, நியூசிலாந்தின் தென்முனையில் உள்ள ப்ளஃப் துறைமுகத்தில், சிப்பிப் படகுத் தொழிலாளி ராவிரியிடம் மின்சிகரெட்டில் ஊற்றி இழுக்கும் எலுமிச்சை கஸ்டர்ட் வேப் திரவம் ஒரு குப்பிதான் மிஞ்சியிருந்தது. தயாரித்த நிறுவனம் மூடப்பட்டபோது அவன் வாங்கிக் குவித்தவற்றில் கடைசிக் குப்பி அது. அந்தச் சுவையைப் பிடித்துக்கொண்டுதான் சிகரெட்டை விட்டிருந்தான். இரண்டு வருடம் ஆகியிருந்தது. வேறு சுவை அவனுக்கு ஒத்துவரவில்லை.

அவன் அக்கா நயரி சிப்பி உடைக்கும் கொட்டகையில் வேலை செய்பவள். தனக்கு வேண்டிய திரவத்தை வீட்டிலேயே கலந்துகொள்வாள். அதே சுவையைச் செய்து தருவதாகச் சொன்னாள். முதல் கலவையில் எலுமிச்சை மூக்கில் ஏறியது.

“என்னக்கா இது, பாத்திரம் கழுவுற சோப்பா? கீழ கொட்டு.”

“ஓசியில இழுக்கிறவனுக்கு வாயப் பாரு.”

கொட்டினாள். எலுமிச்சையைக் குறைத்து, கஸ்டர்டைக் கூட்டி, துளி கேரமல் சேர்த்தாள். ஏழாவது முயற்சி பழைய குப்பியோடு அப்படியே பொருந்தியது. கால் லிட்டர் கலந்து கொடுத்தாள்.

மூன்றாவது வாரம் ராவிரி அதைத் திரும்பக் கொண்டுவந்தான். திரவம் தேநீர் நிறத்துக்கு மாறியிருந்தது.

“தீஞ்ச பால் மாதிரி இருக்கு. எலுமிச்சை எங்க போச்சு?”

நயரி பழைய குப்பியை எடுத்துத் தேதியைப் பார்த்தாள். ஒன்றரை வருடத்துக்கு முந்தையது. கலந்த முதல் மாதத்தில்தான் எலுமிச்சை அடங்கி கஸ்டர்ட் மேலே வரும். அவளோ அன்றன்று கலந்ததை, ஊறி முடிந்த ஒன்றோடு ஒப்பிட்டிருக்கிறாள்.

“நீ கொட்டச் சொன்ன பாரு, அதுதான்டா சரி. மறுபடி கலக்குறேன். நாலு வாரம் தொடக்கூடாது.”

“நாலு வாரமா? பழைய குப்பியில மிஞ்சினது நாலு நாளைக்குக்கூட வராதுக்கா. சுடுதண்ணில வெச்சா சீக்கிரம் ஆவாதா?”

“நிறம் மாறும். ருசி வராது.”

“அதுவரைக்கும் நான் என்னத்த இழுக்கிறது?”

“என்னோட ஸ்ட்ராபெரிய இழு.”

“அதுக்குப் படகு டீசலையே மோந்து பாக்கலாம்.”

மே 16 அன்று முதல் கலவையின் அளவிலேயே புதிதாகக் கலந்தாள். அவன் கைக்கு எட்டாமல் இருக்க, கொட்டகையில் தன் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினாள். ராவிரி இரண்டு முறை சாவி கேட்டான். அவள் தரவில்லை.

ஜூன் 2 அன்று அவன் சுருட்டிப் பிடிக்கும் புகையிலை ஒரு பொட்டலம் வாங்கினான்.

ஜூன் 13 அன்று நயரி குப்பியைக் கொண்டுவந்தாள். ராவிரி மூன்று இழுப்பு இழுத்தான்.

“இதேதான்க்கா.”

அங்கே ஜூனில் தொடங்கும் அந்தக் குளிர்காலம் முழுவதும் அவன் வேப், புகையிலை இரண்டையும் பிடித்தான்.