நாற்பத்தொன்றாம் எண் ஈரல்

பச்சைத் திரையில் மிதக்கிறது அந்த ஈரல் செல்லின் உட்கரு, நாலாயிரம் மடங்கில் நிலா போல, இருபதாயிரத்தில் புழு விழுந்த கொய்யா போல, உள்ளே கருப்பாய்ப் பொடிப்பொடியாக ஏதோ, எபனேசர் அண்ணன் குமிழைத் திருகுகிறார், யார் ஈரலோ தெரியல, நல்லா மாட்டிக்கிட்டாம்டே என்கிறார், நான் சிரிக்கிறேன், சிரிக்காவிட்டால் சந்தேகப்படுவார், பதினைந்து வருடமாக இந்த மின்னணு நுண்ணோக்கியோடு இருட்டறையில் குடித்தனம் நடத்துகிறவர், நான் அவரிடம் வேலை பழகும் மாணவன், குப்பியில் நாற்பத்தொன்று என்ற எண் மட்டும்தான், பெயர் கிடையாது, அது என் விலாவுக்குள்ளிருந்து வந்தது என்பது டாக்டருக்கும் எனக்கும் மட்டும் தெரியும், என் ஈரலை நானே பேருந்தில் மடியில் வைத்துக் கொண்டுவந்தேன், டிக்கெட் ஒன்றுதான் எடுத்தேன்.

ரத்ததான முகாமில் பிஸ்கட்டுக்கும் ஒரு வகுப்பைக் கட்டடிக்கவும் ஆசைப்பட்டுப் படுத்தேன், புண்ணியம் தபாலில் வந்தது, ஹெபடைடிஸ் பி, ஆறு மாதம் கழித்தும் போகவில்லை, கிருமி சும்மா படுத்துக் கெடக்குதா, இல்ல குட்டி போடுதான்னு உள்ள பாத்தாத்தான் தெரியும் தம்பி என்றார் டாக்டர், குட்டி போட்டா ஈரல் கல்லாப் போயிரும், கையைத் தலைக்குப் பின்னால் வைத்துப் படுத்திருக்கிறேன், மூச்சைப் பிடி, ஊசி, விலாவில் குத்தினால் தோளில் ஏன் வலிக்கிறது, மூச்சை விடாதே, இல்லை, இது எபனேசர் அண்ணனின் குரல், ஈயச் சாயத்துல மூச்சுக்காத்து பட்டா கருப்புப் புள்ளி விழும்டே, கிருமின்னு ஏமாந்துருவே, நான் குனிந்து நிற்கிறேன், சாயத் துளியின் மேல் என் ஈரலின் மெல்லிய சீவல், ஊசி இறங்குகிறதா சாயம் ஏறுகிறதா தெரியவில்லை, அம்மா ஆட்டு ஈரல் வறுக்கிறாள், கரண்டி பட்டதும் கருங்கல் போல ஒலிக்கிறது, நான் மூச்சு விட்டேனா, விட்டிருக்க வேண்டும் கடவுளே, ஒரு பெருமூச்சாவது.

அண்ணே, அந்தப் பொடியெல்லாம் சாய அழுக்கா இருக்கும், நான் மூச்சு விட்டுட்டேன் என்கிறேன், லேய், அழுக்குன்னா வெறும் இடத்துலயும் விழுந்து கெடக்கணும்லா, வா பாப்போம் என்கிறார், உட்கரு விலகுகிறது, செல்லின் ஓரம் விலகுகிறது, அதற்கு அப்பால் ரத்தம் ஓடும் வெற்றிடம், அழுக்குக்காக நான் வேண்டிக்கொண்டது வாழ்க்கையில் அன்றுதான், ஒரு புள்ளி, ஒரே ஒரு புள்ளி போதும், கழுவித் துடைத்த தட்டு போலக் கிடக்கிறது அந்த இடம், பாத்தியா, அருமையா சாயம் ஏத்திருக்கே, சுத்தமான வேலைடே என்று முதுகில் தட்டுகிறார், இந்த இரண்டு வருடத்தில் அவர் என்னைப் பாராட்டியது அதுதான் முதல் முறை.

மறுபடி உட்கருவுக்கே திரும்புகிறோம், இப்போது நிலாவும் இல்லை, கொய்யாவும் இல்லை, அண்ணன் நோட்டை விரித்து, வைரஸ் உண்டு, ஏராளம் என்று எழுதுகிறார், டாக்டரு வயசு போடலியே, ஏதாவது கெழடா இருக்கும் என்கிறார், இருபத்திரண்டுண்ணே என்கிறேன், ஒனக்கு எப்படிடே தெரியும், நான் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை, அண்ணன் என்னைப் பார்க்கிறார், திரையைப் பார்க்கிறார், மறுபடி என்னை, பிறகு குமிழைத் திருகத் தொடங்கினார், படம் தெளிவாகத்தான் இருந்தது, ஆனாலும் திருகிக்கொண்டே இருந்தார்.