வழிமொழிய ஒருவர்

ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்கு, மர்பி டவுன் சமுதாயக் கூடத்தின் மேடையில், சுருட்டிய பிளெக்ஸ் பேனர் ஒன்று சுவரில் சாய்ந்து நின்றது. அதில் என்ன அச்சாகியிருக்கிறது என்பது கூடத்திலிருந்த எண்பத்து மூன்று பேரில் மூன்றே பேருக்குத்தான் தெரியும். அவர்களில் இளங்கோவனும் ஒருவர். செவ்வாய்க்கிழமை கடைக்குப் போய், போட்டோ கொடுத்து, எழுத்துப்பிழை பார்த்து வாங்கி வந்தவரே அவர்தான். 'புது ரத்தம், புதுத் தலைமை' என்று மேலே பெரிய எழுத்து. கீழே கையை உயர்த்தியபடி தலைவர் சாமிநாதன், பக்கத்தில் கைகூப்பியபடி அவர் மகன் பிரகாஷ். 'புதிய தலைவராகப் பொறுப்பேற்கும்' என்று அடியில் ஒரு வரி. தேர்தல் பதினொரு மணிக்குத்தான்.

நகர உழைப்பாளர் முன்னணி என்று ஒரு கட்சி இருப்பதே இப்போது பெங்களூரில் பலருக்குத் தெரியாது. ஒரு காலத்தில் மாநகராட்சியில் இரண்டு கவுன்சிலர்கள் இருந்தார்கள். கடைசி மூன்று தேர்தலிலும் டெபாசிட் போனது. கூட்டம் போட்டால் வருகிறவர்களில் பாதிப் பேர் மூட்டு வலிக்காரர்கள். போன மாதம் சாமிநாதனே எழுந்து, எனக்கு எழுபது ஆகிறது, கட்சிக்குப் புது ரத்தம் வேண்டும், நான் விலகுகிறேன் என்றபோது பலரும் கண் கலங்கினார்கள். அந்தப் புது ரத்தம் தன்னுடைய ரத்தமாகவே இருக்கும் என்பதை மட்டும் அன்றைக்கு அவர் சொல்லவில்லை.

அதை இளங்கோவனிடம் தனியாகச் சொன்னார். "நீ எழுந்து பிரகாஷ் பேர வழிமொழிஞ்சா போதும்டா இளங்கோ. மிச்சத்த கைத்தட்டல் பாத்துக்கும்."

சாமிநாதன் கேட்டு இளங்கோவன் எதை மறுத்திருக்கிறார்? வேலைநிறுத்தத்துக்குப் பிறகு தொழிற்சாலையில் அவரை வெளியே தள்ளியபோது, ஏழு மாதம் அவர் குடும்பத்துக்குச் சோறு போட்டது சாமிநாதன் வீடு. தலைவரின் மனைவி மங்களம் தினமும் சாயங்காலம் தூக்குச்சட்டியை எடுத்துக்கொண்டு தானே நடந்து வருவார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பது இளங்கோவனுக்குப் பழமொழி அல்ல, வயிறு அறிந்த விஷயம்.

பிரகாஷும் கெட்ட பிள்ளை இல்லை. ஒயிட்ஃபீல்டில் கம்ப்யூட்டர் வேலை, பணிவான பேச்சு. ஆனால் இந்தக் கூடத்தில் பத்துப் பேரின் பெயரைச் சொல்லச் சொன்னால் திணறுவான். மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கும் விஜிக்கு எண்பத்து மூன்று பேரின் பெயரும் தெரியும், அவர்கள் பிள்ளைகள் படிக்கும் பள்ளியும் தெரியும். பொம்மனஹள்ளியில் கார்மென்ட்ஸ் தையல்காரி. போன மழையில் அவள் தெருவில் சாக்கடைத் தண்ணீர் வீட்டுக்குள் புகுந்தபோது, மாநகராட்சி எஞ்சினியரைக் கன்னடத்தில் மரியாதையாகப் பேசியே கூட்டி வந்து, முழங்கால் தண்ணீரில் ஒரு மணி நேரம் நிற்க வைத்தாள். மறுநாள் கால்வாய் தூர் வாரப்பட்டது. அதற்கப்புறம் அந்தத் தெருவில் மட்டும் பத்தொன்பது பேர் கட்சியில் சேர்ந்தார்கள். பல வருடங்களில் கட்சிக்குப் புதிதாக ஆள் சேர்ந்தது அப்போதுதான்.

பதினொரு மணிக்குச் செயலாளர் மஞ்சுநாத் மைக்கைத் தட்டிப் பார்த்துவிட்டு, கட்சி விதியைப் படித்தார். தலைவர் பதவிக்கு வரும் பெயரை உறுப்பினர் ஒருவர் முன்மொழிய வேண்டும். ஸ்தாபக உறுப்பினர் ஒருவர் வழிமொழிய வேண்டும். பதவியிலிருக்கும் தலைவர் வழிமொழியக் கூடாது.

விதியை எழுதியது இளங்கோவன்தான். கட்சி தொடங்கிய புதிதில், பெரிய கட்சிக்காரன் ஒருவன் நாற்பது ஆட்களை உறுப்பினராகச் சேர்த்து, ஒரே நாளில் தலைவர் ஆகப் பார்த்தான். அன்று ராத்திரியே உட்கார்ந்து எழுதினார். அப்போது ஸ்தாபகர்கள் ஏழு பேர். இப்போது ஐந்து பேர் புத்தர் படத்துக்குக் கீழே மாலையோடு சுவரில் இருக்கிறார்கள். மிச்சம் சாமிநாதனும் இளங்கோவனும். சாமிநாதன் வழிமொழிய முடியாது. ஆக, இளங்கோவன் வாய் திறக்காத பெயர் எதுவும் இன்றைக்குப் போட்டிக்கே வராது.

பிரகாஷ் பெயர் முன்மொழியப்பட்டது. இளங்கோவன் எழுந்தார், வழிமொழிகிறேன் என்றார், உட்கார்ந்தார். கைத்தட்டல் வந்தது. சாமிநாதன் அவரைப் பார்த்துத் தலையசைத்தார். கொடுத்த வாக்கு முடிந்தது என்று ஒரு நிமிடம் மூச்சு லேசானது.

"வேற யாராச்சும்? ஆய்த்தா, முடிஞ்சுதா?" என்றார் மஞ்சுநாத், பேப்பரை மடித்தபடி.

விஜிக்குப் பின்னாலிருந்து உஷா எழுந்தாள். அவளும் அதே கார்மென்ட்ஸ். குரல் நடுங்கினாலும் பெயரைத் தெளிவாகச் சொன்னாள். விஜயலட்சுமி, பொம்மனஹள்ளி.

கூடத்தில் நாற்காலிகள் கிரீச்சிட்டன. வழிமொழிய ஆள் கேட்டு மூன்று முறை கூப்பிடுவது அங்கே வழக்கம். மஞ்சுநாத் முதல் முறை கூப்பிட்டார். கூடமே இளங்கோவனைப் பார்த்தது, விஜியைத் தவிர. அவள் மடியில் கிடந்த தண்ணீர் பாட்டிலின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தாள். இத்தனை நாளில் அவள் ஒரு வார்த்தை வந்து கேட்டதில்லை. கேட்டிருந்தால் முடியாது என்று சொல்லியிருக்கலாம், மனசுக்குச் சுலபமாக இருந்திருக்கும். இப்படிக் கேட்காமல் இருந்ததுதான் அவரை அறுத்தது.

இரண்டாம் முறை. சமையலறை வாசலில் மங்களம், கேசரிபாத் டப்பாவோடு நின்றிருந்தார். அந்த முகத்தைப் பார்க்கக் கூடாது என்று இளங்கோவன் சுவர்ப் பக்கம் திரும்பினார். அங்கே ஐந்து பேரும் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியாள் நுழையக் கூடாதென்று போட்ட வேலி அந்த விதி. இன்றைக்கு அது யாரை வெளியே நிறுத்துகிறது? முப்பது வருடத்துக்கு முன்னால் இவளைப் போல ஒருத்தி வந்திருந்தால், ஏழு பேரும் போட்டி போட்டுக்கொண்டு வழிமொழிந்திருப்பார்கள்.

மஞ்சுநாத் மூன்றாம் முறைக்கு வாய் திறக்குமுன் அவர் எழுந்தார். பிளாஸ்டிக் நாற்காலி பின்னால் சாய்ந்து விழுந்தது.

"வழிமொழியறேன்."

மஞ்சுநாத்துக்குப் புரியவில்லை. "அண்ணா, நீங்க ஏற்கெனவே பிரகாஷுக்குச் சொல்லிட்டீங்களே."

"ஒருத்தருக்குத்தான் சொல்லணும்னு விதியில இல்ல. படிச்சுப் பாருங்க."

மஞ்சுநாத் படித்தார். திருப்பிப் படித்தார். இல்லைதான். சாமிநாதன் மைக்கில்லாமல் கேட்டார், முதல் வரிசைக்கு மட்டும் கேட்கிற குரலில்.

"மறந்துட்டியா, இல்ல வேணும்னே எழுதாம விட்டியா?"

"மறந்துட்டேண்ணே," என்றார் இளங்கோவன். அது சத்தியம். சொல்லிவிட்டு, விழுந்த நாற்காலியை நிமிர்த்தக் குனிந்தார்.

இரண்டு பெயர் வந்தால் ரகசிய வாக்கெடுப்பு என்று விதி சொல்கிறது. கட்சியில் அதற்கு இதுவரை வேலை வந்ததில்லை. அதனால் பெட்டியும் இல்லை, மறைப்பும் இல்லை. மங்களம் கேசரிபாத்தை ஒரு தட்டில் கொட்டிவிட்டு, டப்பாவைக் கழுவித் துடைத்துக் கொண்டுவந்து மேசையில் வைத்தார். இளங்கோவனை அவர் பார்க்கவில்லை.

"மறைப்பு ஒண்ணு வேணும், அண்ணா," என்றாள் விஜி. அன்று அவள் பேசிய முதல் வார்த்தை.

திரைச்சீலை தேடினார்கள், பெட்ஷீட் தேடினார்கள். கடைசியில் முன்வரிசைப் பையன்கள் இரண்டு பேர், மஞ்சுநாத் தடுப்பதற்குள், மேடையிலிருந்த பேனரை இழுத்துப் பிரித்துவிட்டார்கள். அப்பாவும் மகனும் ஆறடி அகலத்தில் சிரித்தார்கள். உஷா அடிவரியை வாய்விட்டுப் படித்தாள். யாரோ சிரித்து, பாதியில் நிறுத்திக்கொண்டார்கள்.

பிரகாஷின் முகம் சுண்டிப்போனது. "இத யாரு அடிச்சது?"

"நான்தான் தம்பி."

அவன் அப்பாவைப் பார்த்தான், இளங்கோவனைப் பார்த்தான். பிறகு பேனரின் ஒரு முனையைத் தானே பிடித்து, ஜன்னல் கம்பியிலிருந்து எதிர்ச் சுவர் ஆணிக்குக் கட்டிய கயிற்றில் தொங்கவிட்டான். வெள்ளைப் பக்கம் கூடத்தைப் பார்த்து இருக்கட்டும் என்றான். மறைப்பு தரைவரை எட்டவில்லை, முழங்காலோடு நின்றது. மேசையும் பேனாவும் உள்ளே போயின. ஓட்டுப் போடப் போகிற ஒவ்வொருவரும் அந்த இரண்டு முகங்களுக்கு முன்னால் நின்றுதான் பெயர் எழுத வேண்டும் என்பது அப்புறம்தான் எல்லோருக்கும் உறைத்தது. ஆனால் அதற்குள் மஞ்சுநாத் சீட்டு கொடுக்க ஆரம்பித்துவிட்டார்.

ஸ்தாபகர்கள் முதலில். சாமிநாதன் வேட்டியைத் தட்டிவிட்டுக்கொண்டு உள்ளே போனார். இளங்கோவன் அடுத்த ஆளாகத் தன் சீட்டோடு நின்றார். அண்ணன் தன்னோடு இனிப் பேசுவாரா என்று தெரியவில்லை. பேனருக்குக் கீழே அந்தப் பழைய தோல் செருப்பு மட்டும் தெரிந்தது. ஒரு பெயர் எழுத எவ்வளவு நேரம் ஆகும்? சொந்த மகன் பெயர் எழுத அதுகூட ஆகாது. மின்விசிறி சுற்றியது, பேனர் லேசாக ஆடியது. மங்களம் சமையலறை வாசலை விட்டு நாலடி முன்னால் வந்து நின்றார். விஜி பாட்டில் மூடியைத் திருகுவதை நிறுத்தியிருந்தாள்.

செருப்பு இரண்டும் அப்படியே நின்றன. வலது குதிகால் ஒரு முறை எழும்பியது, திரும்பவும் தரையில் அமர்ந்தது. பேனாவை மேசையில் வைக்கும் சத்தம் இன்னும் கேட்கவில்லை.