வெண்டல் அனுப்பிய இரண்டு குதிரைகள்

எங்கள் ஓக்லஹோமா ஊரில் குதிரை இறைச்சிக்கூடம் வரலாமா என்று கூட்டம் போட்டார்கள். வேண்டாம் என்று பேசுவதற்காக ரோவீனா முன்வரிசையில் உட்கார்ந்திருந்தாள். தன் இடுப்பெலும்பு முறிந்தபின், இருபது வருடம் சவாரி செய்த தன் கிழட்டுக் குதிரை பிஸ்கட்டை அவள் பக்கத்துப் பண்ணை வெண்டலிடம் கொடுத்திருந்தாள். சாகும்வரை தன் புல்வெளியில் மேயட்டும் என்று அவன் வாக்குக் கொடுத்திருந்தான்.

வெண்டல் மைக்கைப் பிடித்தான். "கிழட்டுக் குதிரைக்கு யாருங்க தீனி போடுறது? போன மாசம் நானே ரெண்ட வெட்டுறதுக்கு மெக்சிகோவுக்கு லாரியில ஏத்திவிட்டேன். பாவம், வழியெல்லாம் தண்ணிகூட இல்ல. இங்கயே வெட்டினா அந்தப் பாடு இல்லையே!"

ரோவீனா ஊன்றுகோலைப் பிடித்து எழுந்தாள். "எந்த ரெண்டு, வெண்டல்?"

அவன் மைக்கை இறக்கினான். "அக்கா, வீட்டுக்கு வந்து சொல்லலாம்னுதான்..."

"ஞாயித்துக்கிழமை சர்ச்சுல கேட்டேனேடா. பிஸ்கட் நல்லா மேயுதுன்னு சிரிச்சிக்கிட்டே சொன்னியே!"

எழுதிக்கொண்டு வந்த பேச்சை அவள் படிக்கவில்லை. இறைச்சிக்கூடம் வேண்டாம் என்றே கூட்டம் முடிவெடுத்தது. "ஜெயிச்சிட்டோம்!" என்று கையைப் பிடித்தவர்களிடமிருந்து தன்னை விடுவித்துக்கொண்டு அவள் வெளியே போனாள். அதற்குப் பிறகு வெண்டலிடம் அவள் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை.