முதல் சந்திப்பில் கொடுக்க வேண்டிய ஒன்பது

அந்தக் கட்டட ஒப்பந்தக்காரரை எல்லோரும் ரசமட்டம் என்றுதான் சொல்வார்கள். எங்கே போனாலும் கையில் ஒரு ரசமட்டக் கட்டை இருக்கும். யார் வீட்டுக்குள் நுழைந்தாலும் முதல் காரியமாக அதை மேசை மேல் வைத்து, கண்ணாடிக் குழாய்க்குள் இருக்கும் குமிழி நடுவில் நிற்கிறதா என்று குனிந்து பார்ப்பார். நிற்காவிட்டால் வீட்டுக்காரரைப் பார்த்து ஒரு பெருமூச்சு விடுவார். பாதி வேலை அந்தப் பெருமூச்சிலேயே கைக்கு வந்துவிடும். இருபத்திரண்டு வருடங்களாக, புதிதாக வந்த வாடிக்கையாளருக்கு அவர் முதல் நாளில் கொடுத்தது அது ஒன்றுதான்.

அது போதாது என்று சொன்னவன் அவருடைய மைத்துனன். ஜெராக்ஸ் கடை வைத்திருந்தான். யாரோ கொடுத்த ஓசிச் சீட்டில் கட்டட ஒப்பந்தக்காரர்களுக்கான ஒருநாள் பயிற்சி வகுப்புக்குப் போனவனின் கழுத்தில், மாலையில் திரும்பி வரும்போது ஓர் அட்டை தொங்கியது. இரண்டு நாள் அதைக் கழற்றவில்லை. ஒப்பந்தக்காரர் முதல் சந்திப்பில் வாடிக்கையாளர் கையில் கொடுக்க வேண்டியவை மொத்தம் ஒன்பது என்றும், அத்தானிடம் ஒன்றுகூட இல்லை என்றும் அக்கா முன்னிலையிலேயே அறிவித்தான். அக்கா தம்பி பக்கம் பேசினாள்.

ஒரு வாரத்தில் ஒன்பதும் தயாராகிவிட்டன. வழவழவென்று நீல அட்டை போட்ட கோப்பு. மேலே தங்க எழுத்தில் ‘கட்டுமானத் தீர்வுகள்’ என்று இருந்தது. இத்தனை நாள் தான் செய்தது தீர்வு என்பது ரசமட்டத்துக்கே அப்போதுதான் தெரிந்தது. உள்ளே உரிமத்தின் நகல் இருந்தது. காப்பீட்டுச் சான்று இருந்தது, ஆனால் அது சிமெண்ட் ஏற்றும் வேனுக்கு எடுத்தது. பழைய வாடிக்கையாளர் பட்டியலில் ஆறு தொலைபேசி எண்கள். அதில் நான்கு சொந்தக்காரர்களுடையவை. பன்னிரண்டு வீடுகளின் படங்களில் ஐந்து இவர் கட்டியவை. ஒரு வீட்டின் பின்னால் கடல் தெரிந்தது. கடல் இருக்கும் பக்கம் ரசமட்டம் வேலைக்குப் போனதே இல்லை.

ஐந்தாவது பக்கத்தில்தான் அவர் விரல் நின்றது. ‘விபத்தில்லாத இருபத்திரண்டு ஆண்டுகள்.’

“மாப்ள, கொத்தனார் விழுந்தாரே.”

“விபத்துன்னா வந்து மோதணும் அத்தான். இது விழுந்தது,” என்றான் மைத்துனன்.

கொத்தனார் விழுந்து அந்த மாதக் கடைசியோடு இரண்டு வருடம் முடிகிறது. இரண்டாம் மாடி வெளிச்சுவரில் பூச்சு வேலை. சாரத்தில் போட்டிருந்த பலகை உளுத்துப்போனது. அதை மாற்ற வேண்டும் என்று அவரே இரண்டு முறை சொல்லியிருந்தார். மூன்றாவது முறை சொல்ல வேண்டிய அவசியம் வரவில்லை. ரசமட்டம் கெட்டவர் இல்லை. தானே அவரை வேனில் தூக்கிப் போட்டுக்கொண்டு ஓடினார். ஆனால் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனால் எப்படி விழுந்தார், எங்கே விழுந்தார் என்று எழுதிக்கொள்வார்கள் என்பதால், எதையும் எழுதிக்கொள்ளாத ஒரு சின்ன ஆஸ்பத்திரிக்கு ஓடினார். அங்கே எலும்பைச் சேர்த்தார்கள். சேர்ந்தது, கோணலாக. இடது கால் இரண்டு விரற்கடை குட்டையாகிவிட்டது.

அதன்பிறகு கொத்தனாரால் சாரம் ஏற முடியவில்லை. ரசமட்டம் அவரைக் கைவிடாமல் சிமெண்ட் கிடங்குக்குக் காவலாக உட்கார வைத்தார். மூட்டைகளை எண்ணுவதும் உட்காருவதுமாக நாள் போனது. தொழிலாளர் மருத்துவமனையில் ஒரு டாக்டர் படத்தைப் பார்த்துவிட்டு, எலும்பை மறுபடி பிரித்துச் சேர்த்தால் பழையபடி ஏறலாம் என்று சொல்லியிருந்தார். ஆனால் அடிபட்ட நாளிலிருந்து இரண்டு வருடத்துக்குள் பதிய வேண்டும். வேலை செய்யும்போது விழுந்தார் என்று முதலாளி ஒரு கடிதம் கொடுக்க வேண்டும். ஒரு பக்கம்கூட வேண்டாம், நாலு வரி போதும்.

அந்த நாலு வரியைக் கொத்தனார் இருபது மாதமாகக் கேட்டுக்கொண்டிருந்தார். ரசமட்டமும் இல்லை என்று ஒரு நாளும் சொன்னதில்லை. இந்தத் தளம் போட்டு முடியட்டும் என்றார், மழை விடட்டும் என்றார், பிறகு லெட்டர்பேடு தீர்ந்துவிட்டது என்றார். இப்போது லெட்டர்பேடு நிறைய இருந்தது.

முதல் சந்திப்புக்குத் தனியாகப் போகக் கூடாது, ஊழியர் ஒருவரோடு போக வேண்டும் என்பதும் வகுப்பில் சொல்லிக்கொடுத்த பாடம். மற்றவர்கள் எல்லோரும் வேலையில் இருந்தார்கள். சும்மா இருந்தவர் கொத்தனார் மட்டும்தான். மைத்துனன் தன் சட்டை ஒன்றையும் டையையும் அவருக்கு மாட்டிவிட்டு, சட்டைப் பையில் ‘தள மேலாளர்’ என்று ஓர் அட்டையைக் குத்தினான். டை கழுத்தை இறுக்கியது. தளர்த்தப் போனவரின் கையைத் தட்டிவிட்டு, அது அப்படித்தான் இருக்கும், மேலாளர்கள் எல்லாருக்கும் அப்படித்தான் என்றான்.

வேனில் போகும்போது ரசமட்டம் திரும்பிப் பார்க்காமலே பேசினார். “இந்த வேலை மட்டும் கைக்கு வரட்டும்ப்பா. மறுநாளே லெட்டர் உன் கையில. என் பிள்ளைங்க மேல சத்தியம்.”

அவர் பிள்ளைகள் மேல் சத்தியம் செய்தது அதுதான் முதல் தடவை. கொத்தனார் நம்பினார்.

வீட்டுக்காரம்மா ஓய்வுபெற்ற தலைமையாசிரியை. இருக்கும் வீட்டுக்கு மேலே மூன்று அறை எடுக்க வேண்டும். அவருடைய கணவரும் இருந்தார்; அதாவது நாற்காலியில் இருந்தார். ரசமட்டம் கட்டையை மேசை மேல் வைத்துக் குனியும் முன்பே, அந்த அம்மா கோப்பை எடுத்துப் பிரித்து, கண்ணாடியை மாட்டிக்கொண்டு, மேசை இழுப்பறையிலிருந்து ஒரு சிவப்புப் பேனாவை எடுத்தார்.

வகுப்பு நடத்தியவர்கள் வாடிக்கையாளர் கோப்பைப் புரட்டிப் பார்ப்பார் என்றுதான் சொல்லியிருந்தார்கள். திருத்துவார் என்று யாரும் சொல்லவில்லை. முதல் இரண்டு பக்கத்தில் ஒற்றெழுத்து விட்ட இடங்களில் பதினான்கு வட்டம் விழுந்தது. மூன்றாம் பக்கத் தலைப்பைப் பார்த்ததும் பேனா அப்படியே நின்றது.

“உத்திரவாதம்னு போட்டிருக்கீங்க. உத்தரவாதம். உத்திரத்துக்கு வாதம் வந்தா வீடு எப்படிங்க நிக்கும்?”

ரசமட்டம் பலமாகச் சிரித்தார். எதற்குச் சிரிக்கிறோம் என்று தெரியாதவர்கள் சிரிக்கிற அளவுக்குப் பலமாக. மைத்துனன் தலையைக் குனிந்து, அது அச்சகத்தான் செய்த தப்பு என்றான். அச்சகத்தான் அவனேதான்.

அந்த அம்மா ஐந்தாம் பக்கத்தைத் திருப்பினார். வகுப்பில் பாடம் வாசிக்கிற குரலில், நிறுத்தி நிறுத்தி வாசித்தார். “விபத்தில்லாத. இருபத்திரண்டு. ஆண்டுகள்.” அதில் எழுத்துப் பிழை எதுவும் இல்லை. கண்ணாடியைக் கழற்றினார். வாசலிலிருந்து நாற்காலி வரை கொத்தனார் நடந்து வந்ததை அவர் பார்த்திருந்தார். நாற்பது வருடம் பிள்ளைகளைப் பார்த்த கண்.

“இந்தத் தம்பிக்குக் கால்ல என்ன?”

ரசமட்டம் மேசை மேல் இருந்த கட்டையைப் பார்த்தார். குமிழி ஆடாமல் நடுவில் நின்றது. அந்த மேசை சமமான மேசை. மைத்துனன் கோப்பின் ஏழாம் பக்கத்தைத் திறந்து வைத்து, அதில் ஏதோ முக்கியமான விஷயம் இருப்பதுபோல் விரலை வைத்தான். நாற்காலிக்காரர்கூடத் தலையைத் தூக்கினார்.

விழுந்தேன் என்று சொன்னால் எங்கே என்று கேட்பார்கள். எங்கே என்று சொன்னால் வேலை போகும். வேலை போனால் கடிதம் போகும். மாதம் முடிய ஒன்பது நாள் இருந்தது. கொத்தனார் இதையெல்லாம் யோசித்து முடிப்பதற்குள் அவருடைய வாய் முந்திக்கொண்டது.

“பிறவியிலேயே மேடம்.”

அறையில் காற்று மாறியது. தலைமையாசிரியையின் முகம் இளகிவிட்டது. இப்படிப்பட்டவர்களுக்கு மேலாளர் பதவி கொடுக்கிற மனசு இந்தக் காலத்தில் யாருக்கு வரும் என்று கணவரைக் கேட்டார். கணவர் யாருக்கும் வராது என்று தலையசைத்தார். சிவப்புப் பேனாவை மூடிவைத்துவிட்டு, மற்ற பக்கங்களைப் பார்க்காமலே, எப்போது ஆரம்பிப்பீர்கள் என்றார். தன் மனசைப் பற்றி ரசமட்டத்துக்கும் அப்போதுதான் தெரியவந்தது. கண் கலங்கியது. அவருக்கு அது பொய்க் கண்ணீர் இல்லை, அதுதான் வேடிக்கை.

மறுநாள் காலையில் கொத்தனார் அலுவலகத்துக்குப் போனார். ரசமட்டம் சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் உட்கார்ந்திருந்தார். லெட்டர்பேடில் தன் கையாலேயே எழுதத் தொடங்கி, ‘இதனால் தெரிவிப்பது என்னவென்றால்’ வரை வந்திருந்தார். என்ன தெரிவிப்பது என்ற இடத்தில் மைத்துனன் உள்ளே வந்தான்.

அவன் கோபப்படவில்லை. மிகவும் பரிவாகவே எடுத்துச் சொன்னான். நேற்றுத்தான் இரண்டு பெரிய மனிதர்கள் முன்னால் பிறவியிலேயே என்று சொல்லியாகிவிட்டது. இன்றைக்கு வேலையில் விழுந்தார் என்று கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால், நாளைக்கு அந்த அம்மா காதுக்குப் போனால், பொய் சொன்னதாக ஆகிவிடும்.

“யாரு பொய் சொன்னதா?” என்று கேட்டார் கொத்தனார்.

“நீங்கதாண்ணே. நாங்க வாயே தொறக்கலையே.”

கொத்தனார் ரசமட்டத்தைப் பார்த்தார். அவர், தான் எழுதியிருந்த அரை வரியைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு அந்தத் தாளைக் கிழிக்காமல் நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். யோசிக்கலாம்ப்பா என்றார். இரண்டு நாள் கழித்துக் கொத்தனாருக்கு ஒரு ஜோடி புது ஷூ வந்தது. இடது ஷூவின் அடியில் இரண்டு விரற்கடை ரப்பர் வைத்துத் தைத்திருந்தது. அளவு சரியாக இருந்தது; அளவெடுப்பதில் ரசமட்டம் என்றுமே தப்பு செய்ததில்லை.

அதற்குள் கோப்பின் இரண்டாம் பதிப்பு வந்துவிட்டது. உத்தரவாதம் சரியாகியிருந்தது. கொடுக்க வேண்டியவை ஒன்பதிலிருந்து பத்தாகியிருந்தன. பத்தாவது, டை கட்டிய கொத்தனாரின் முழுப்பக்கப் படம். கீழே, ‘பிறவியிலேயே கால் குறை. ஆனால் எங்கள் நிறுவனத்தில் உயரங்களுக்குக் குறையில்லை.’

கொத்தனார் ஒரு பிரதியை வீட்டுக்குக் கொண்டுபோனார். அவர் மனைவி அதை வாய்விட்டு வாசித்தாள். வாசித்துவிட்டு, கல்யாணத்தன்று தன் பக்கத்தில் ரெண்டு காலில் நின்றது யார் என்று கேட்டாள். அவர் அம்மாவுக்குப் படிக்கத் தெரியாது, காது நன்றாகக் கேட்கும். பாத்திரத்தைக் கழுவிக்கொண்டிருந்தவள் கையை நிறுத்தினாள்.

“நான் முழுசாத்தானடா பெத்தேன்.”

அதன் பிறகு அம்மா அவரோடு பேசவில்லை. சாப்பாடு போட்டாள், தண்ணீர் வைத்தாள், பேசவில்லை.

மாதத்தின் கடைசி நாளில் கொத்தனார் தொழிலாளர் மருத்துவமனைக்குப் போனார். கடிதம் இல்லை. எலும்புப் படமும், அந்தக் கோப்பும் இருந்தன. அந்த நிறுவனத்தில்தான் வேலை பார்க்கிறார் என்பதற்கு அவரிடம் இருந்த ஒரே அச்சடித்த அத்தாட்சி அதுதான். கோப்பு வேண்டாம் என்று மனைவி சொல்லிப் பார்த்தாள். வேறு எதைக் காட்டுவது என்று கேட்டுவிட்டு அவர் அதைப் பையில் வைத்துக்கொண்டார்.

பதிவு ஜன்னலில் இருந்த எழுத்தர் நேர்மையானவர். எதையும் வாசிக்காமல் முத்திரை குத்த மாட்டார். முதல் பக்கத்திலிருந்து வாசித்தார். கடல் பின்னால் தெரிந்த வீட்டை ரசித்தார். கடைசிப் பக்கத்துக்கு வந்ததும் படத்தையும் ஆளையும் மாறி மாறிப் பார்த்தார். இது வேலையில் அடிபட்டவர்களுக்கான பிரிவு, பிறவிக் குறைக்கு இங்கே பதிவதில்லை என்றார்.

விழுந்தது இரண்டாம் மாடியிலிருந்து என்று கொத்தனார் சொன்னார். பலகை உளுத்தது என்று சொன்னார். எலும்புப் படத்தை எடுத்து நீட்டினார். எழுத்தர் அதைத் தொடவில்லை.

“படம் பாக்குறது டாக்டர் வேலைங்க. பேப்பர் பாக்குறது என் வேலை. அச்சுலயே போட்டிருக்கு, அதுக்கு மேல நான் என்ன சொல்ல?”

ஆனாலும் ஒரு வழி சொன்னார். பிறவிக் குறை பார்க்கும் டாக்டர் பின்கட்டடத்தில் இருக்கிறார். இது பிறவிக் குறை இல்லை என்று அவர் ஒரு சீட்டில் எழுதிக் கொடுத்தால் இங்கே பதியலாம். ஒரு மணிக்கு ஜன்னல் மூடும். நாளைக்கு வந்தால் இரண்டு வருடம் தாண்டிவிடும்.

பின்கட்டடத்தில் பிறவிக் குறை பார்ப்பது குழந்தைகள் பிரிவில். சுவரெல்லாம் யானையும் முயலும் வரைந்திருந்தது. பெஞ்சுகள் முழங்கால் உயரத்துக்குத்தான் இருந்தன. கொத்தனார் சுவரைப் பிடித்துக்கொண்டு மெதுவாக உட்கார்ந்தார். கையில் கிடைத்த டோக்கன் நாற்பத்தொன்று. உள்ளே இருந்தது ஏழாவது குழந்தை. மணி பன்னிரண்டரை.

பக்கத்தில் பாதம் உள்பக்கம் திரும்பிய ஒரு குழந்தையை மடியில் வைத்துக்கொண்டு ஒரு பெண் இருந்தாள். அவர் கையில் இருந்த டோக்கனை எட்டிப் பார்த்தாள்.

“உங்க குழந்தைக்கு எத்தனை வயசுண்ணே?”

“நாப்பத்தி மூணு.”

அவள் சிரித்துவிட்டாள். பிறகு அவர் காலைப் பார்த்தாள், சிரிப்பை நிறுத்தினாள். குழந்தையை மறு தொடைக்கு மாற்றிக்கொண்டு அவர் காலை நீட்ட இடம் விட்டாள். பிறவியிலேயேவா என்று கேட்டாள்.

“இல்லம்மா,” என்றார் கொத்தனார். “விழுந்துட்டேன். பலகை உளுத்திருந்துச்சு. ரெண்டு தடவை சொன்னேன், மாத்தல.”

அவள் உச்சுக்கொட்டினாள். மூலையில் யானைப் படத்துக்குக் கீழே நின்ற நர்ஸ் எட்டாம் நம்பரைக் கூப்பிட்டாள்.